நாலு கேள்வியில் மனச்சுமையை அளக்க முடியுமா?

(கட்சியின் மருத்துவ அணி இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



2020 ஊரடங்கு நேரத்துல உங்க வாட்ஸ்அப்புக்கும் இப்படி ஒரு கேள்வித்தாள் வந்திருக்கும். ‘கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை...’ என்று தொடங்கும். ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘மிக அடிக்கடி’ வரை ஐந்தில் ஒன்றைத் தொடணும். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983-ல் வெளியிட்ட அளவுகோல் இந்த வகைதான். அதற்கு 10 கேள்வி, 4 கேள்வி வடிவங்களும் உண்டு.

நாலு கேள்விதானா என்று சிரிக்க வேண்டாம். நாள் முழுக்கக் கவச உடையில் நின்ற செவிலியரிடம் நாற்பது கேள்வி நீட்டினால் யார் பதில் சொல்வார்? ஆனால், கேள்வி குறையக் குறைய ஒவ்வொன்றும் சரியாகப் புரிந்தாக வேண்டும். அந்த நாலில் இரண்டு தலைகீழ்க் கேள்விகள். ‘எல்லாம் நீங்க நினைச்சபடி நடந்ததா?’ என்பது மாதிரி. இதற்கு ‘மிக அடிக்கடி’ என்றால் மதிப்பெண் பூஜ்யம். களைப்பில் ஒருவர் நாலுக்கும் ‘மிக அடிக்கடி’யையே தொட்டால் 16-க்கு 8 வரும். தவிச்சுக்கிட்டு இருக்கிறவர்கூட நடுத்தரமாகத் தெரிவார்!

நம்ம ஜனங்க ‘மன அழுத்தம்’னு சொல்றதில்ல. ‘நெஞ்சு படபடங்குது’, ‘ராத்திரி தூக்கமே இல்ல’ம்பாங்க. எனவே ஏசி அறையில் மொழிபெயர்த்தால் போதாது. தூய்மைப் பணியாளரிடம், ஆஷா பணியாளரிடம் வாசிச்சுக் காட்டி, என்ன புரிஞ்சுதுன்னு கேட்கணும். கொஞ்சம் பேரையாவது மனநல மருத்துவர் நேரில் பார்த்து, மதிப்பெண்ணோடு ஒத்துப்போகுதான்னு சரிபார்க்கணும். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனையை மட்டும் பெருந்தொற்றில் அப்படியே நம்ப முடியாது. அதற்குள் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கலாம்.

இன்னொன்று, பதில் சொன்னது யார்? நடந்தே ஊர் போன தொழிலாளி கூகுள் ஃபார்ம் நிரப்பினாரா? அவரை விட்டுவிட்டு எடுத்த சராசரியைக் காட்டி ‘மக்கள் சமாளித்துவிட்டார்கள்’ என்று எந்த அரசு சொன்னாலும் நாம் ஏற்க முடியாது.

இந்த அளவுகோல் நோயைக் கண்டறியும் சோதனை அல்ல. இதை வைத்து யாரையும் வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கக் கூடாது. முன்களப் பணியாளரின் மதிப்பெண் மேலதிகாரி மேசைக்குப் போகக் கூடாது. மதிப்பெண் கூடினால் அதே வாரம் ஆலோசகர் பேச வேண்டும். அரசு மனநலச் சேவை பெறுவது 2017 மனநலச் சட்டம் தந்த உரிமை, சலுகை இல்ல. அடுத்த தொற்று வருமுன் இந்த ஏற்பாடுகளைச் செய்து முடிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

உங்க தெருவுல தூக்கமில்லாம தவிக்கிறவங்க இருந்தா 14416 எண்ணைச் சொல்லுங்க. டெலி-மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.