எல்லைக்கு இருபுறமும் ஒரே பந்தி



எக்காலத்துக்கும் சிறந்த படம் எது என்று கேட்டால், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நம் வீடுகளில் இரண்டு கட்சியாகிவிடும். தாத்தாவுக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). பேரனுக்கு 'மணிச்சித்ரதாழ்' (1993). வாதம் நடக்கட்டும், ஆனால் மொழி பார்த்து மார்க் போடலாமா?

முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' (1938), முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) இரண்டையும் தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். முதல் மலையாள மௌனப்படம் 'விகதகுமாரன்' எடுத்த ஜே. சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துத் தமிழர். 1956இல் அவ்வூர் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. அவர் 1975இல் காலமானார். கேரள அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது 1992இல்தான்.

கோடு கிழித்தால் இப்படித்தான் பெரியவர்கள் விட்டுப்போவார்கள். முதலிடம் எதற்குக் கொடுத்தாலும், இரண்டு மொழிக்கும் ஒரே பந்தியில் இலை போடுங்கள்.