சாயங்காலம் கேக்க ஒரு பாட்டு: 'காஸ்மோஸ்', 1977

எழுபதுகள் ஜப்பான்னு சொன்னா நம்ம ப்ளேலிஸ்ட்ல சிட்டி பாப்தான் முன்னாடி வந்து நிக்கும். ராத்திரி ஹைவேல கார் ஓட்டுற ஃபீல். இன்னிக்குப் பாட்டு அந்த ரகம் இல்லை. யமகுச்சி மொமோயே பாடின 'காஸ்மோஸ்'. 1977 அக்டோபர்ல வந்த சிங்கிள். எழுதி இசையமைச்சவர் சாதா மசாஷி.

சிச்சுவேஷன் ரொம்பச் சின்னது. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். வெளியே காஸ்மோஸ் பூ ஆடிக்கிட்டிருக்கு. அம்மா பழைய ஆல்பத்தைப் பிரிச்சு, சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க. சாமான் கட்ட சந்தோஷமா உதவி பண்றவங்க, திடீர்னு அழுதுடறாங்க. இன்னும் கொஞ்ச நேரம் உங்க பிள்ளையாவே இருந்துக்கறேன்னு பொண்ணு கேக்குறா. அவ்வளவுதான் கதை. மாப்பிள்ளை யாரு, என்ன பண்றார், ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு இந்தப் பாட்டு பிடிச்சதுக்கு அதுவே பெரிய காரணம்.

இதைப் பாடும்போது மொமோயேவுக்கு வயசு 18. அழுகை வர்ற இடத்துலகூடக் குரலை உயர்த்தலை. அந்தத் தாழ்ந்த குரல்லயே நிதானமா நகர்றாங்க, பின்னாடி வயலின்கள் மெல்ல வந்து சேருது.

தலைப்புல ஒரு குட்டி விஷயம். 'இலையுதிர் காலம்', 'செர்ரி'ன்னு ரெண்டு எழுத்து. 'அகிஸகுரா'ன்னுதான் வாசிக்கணும். பாட்டு ஹிட் ஆனப்புறம் அதையே 'காஸ்மோஸ்'னு வாசிக்கிறது பரவிடுச்சு.

மொமோயேவை வளர்த்தது அவங்க அம்மாதான், அப்பா கூட இல்லை. 1980ல வந்த 'அவோய் தோகி'ங்கிற சுயசரிதைல அதையெல்லாம் ஒளிக்காம எழுதியிருக்காங்க. அந்த வருஷம் அக்டோபர் 5, தோக்கியோ புடோகான் அரங்குல கடைசி கச்சேரி. பாடி முடிச்சு மைக்கை மேடையிலேயே வச்சுட்டுப் போயிட்டாங்க. நவம்பர்ல நடிகர் மியுரா தொமொகஸுவோட கல்யாணம். அப்புறம் பாட வரவே இல்லை. அப்போ வயசு 21!

இதை அழகான காதல் கதையாச் சொல்றவங்க நிறைய. எனக்கு அவ்வளவு ஈஸியா எடுத்துக்க முடியலை. கல்யாணம்னா பொண்ணுதான் வேலையை விடணும்னு இருந்த காலம் அது. ஆனா 14 வயசுல வேலைக்கு வந்த ஒருத்தர், போதும்னு தானே முடிவு பண்ணதையும் நாம மதிக்கணும் இல்லையா? ரெண்டு எண்ணமும் இருக்கு, எதையும் விட முடியலை.

சாதா மசாஷியே பாடின வெர்ஷனும் இருக்கு. முதல்ல மொமோயே கேளுங்க. லேப்டாப்பை மூடிட்டு, ப்ளீஸ். ஆபீஸ் சாட் ஓடிக்கிட்டிருக்கும்போது இந்தப் பாட்டு வேலைக்காகாது.