திருவாதிரையின் தூசியும் நம்ம ஊர்க் கரிசலும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழியில் இறங்கினால் சட்டைக் காலரெல்லாம் புழுதி. அதை உதறிவிட்டு எங்காவது போய்விட வேண்டும் என்றுதான் நானும் படித்தேன். இன்று தூசியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

திருச்சுழியில் ரமணர் பிறந்தது 1879 டிசம்பரில், ஆருத்ரா தரிசனத்தன்று இரவு. அந்தத் திருவாதிரை நட்சத்திரம் 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ரொம்பவே மங்கிப்போனது. வெடிக்கப் போகிறதோ என்றுகூடப் பேசினார்கள். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி நட்சத்திரத்தை மறைத்தது என்று 2021இல் வந்த ஆய்வு சொன்னது.

அவ்வளவு தூரத்துத் தூசி இன்னதென்று எப்படித் தெரியும்? சிலிக்கன், ஆக்சிஜன் பிணைப்பு ஸ்பிரிங் மாதிரி நீண்டு சுருங்கும். அந்த அதிர்வுக்குரிய அலைநீளம் சுமார் 10 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. குளிர்ந்த சிவப்பு நட்சத்திரங்களின் நிறமாலையில் அதே இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. அது சிலிக்கேட் தூசி என்று 1969இல் வூல்ஃப், நே இருவரும் எழுதினார்கள். கார்பன் மிகுந்த நட்சத்திரம் என்றால் மேடு 11.3 மைக்ரான் பக்கம் இருக்கும். அது சிலிக்கன் கார்பைடு.

நம்ம கரிசலும் சிலிக்கேட் களிமண்தான். கொஞ்சம் எடுத்துப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து, வில்லையாக அழுத்தி, ஐ.ஆர். கருவியில் வைத்துப் பாருங்கள். அதே 10 மைக்ரான் பக்கம் பள்ளம் விழும். அங்கே சூடான தூசி ஒளியை வெளியிடுகிறது, மேடு. இங்கே மண் ஒளியை உறிஞ்சுகிறது, பள்ளம். பிணைப்பு ஒன்றுதான்.

"நம்ம பக்கம்தான் வறட்சியாச்சே, இங்கேயே தொலைநோக்கி வைக்கலாமே?" என்று கேட்பீர்கள். மண்தான் வறட்சி, காற்றில் நீராவி இருக்கிறது. அகச்சிவப்பில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். காவலூர் இருந்தும், லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி வைத்ததற்கு அங்குள்ள உலர்ந்த காற்று ஒரு முக்கியக் காரணம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசக்கோட்டையில் உட்கார்ந்தபடியே, செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள்.

நான் ஐ.ஆர். பாடத்தை மார்க்குக்காக மனப்பாடம் செய்தவன். அது நட்சத்திரம் வரைக்கும் போகும் என்று அன்றைக்குத் தெரியாது. தம்பி தங்கைகளே, "நாங்க கெமிஸ்ட்ரி, வானியல் எங்களுக்கில்லை" என்று ஒதுங்காதீர்கள். ஆய்வகத்தில் கனிமங்களை அளந்து வைத்தவர்கள் இருப்பதால்தான், ஒப்பிட்டுப் பார்த்து நட்சத்திரத் தூசியை அடையாளம் சொல்ல முடிகிறது.

வருஷத்துக்குப் பத்து மாணவர்களைக் காவலூருக்கு அழைத்துப்போகிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன் கரிசல் வில்லையை அளந்த தாளைக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.