ராஜேந்திரநகர் வயல்



வேளாண் பட்டம் பெறும் உங்களிடம் ஐதராபாத் ராஜேந்திரநகர் வேளாண் கல்லூரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிஜாம் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1946இல், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது அது. ஓராண்டு முன்னர் சென்னை மாகாணத்தில் பாபட்லா கல்லூரி பிறந்திருந்தது. வெவ்வேறு ஆட்சிகளில் பிறந்த இரண்டும் 1964இல் ஆந்திரப் பிரதேச வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒன்றுசேர்ந்தன. 1996இல் அதற்கு என்.ஜி. ரங்காவின் பெயர் சூட்டினார்கள். 2014இல் மாநிலம் பிரிந்தபோது பாபட்லா ஆந்திரத்தோடு நின்றது. ராஜேந்திரநகர், பேராசிரியர் ஜெயசங்கர் பெயரில் தெலங்கானாவில் அமைந்த பல்கலைக்கழகத்துக்குப் போனது.

பெயர்ப்பலகை மாற ஓர் அரசாணை போதும். நெல் ரகம் உருவாக ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். அதன் முதல் படியான ஒட்டுச்சேர்ப்பை நீங்களும் செய்து பார்த்திருப்பீர்கள்: மாலையில் ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்து, கதிருக்குக் காகித உறை மாட்ட வேண்டும். மறுநாள் வெயில் ஏறியதும் ஆண் கதிரைக் கொண்டுவந்து மேலே உதிர்க்க வேண்டும். ஒரு பை தப்பினாலும் தன் மகரந்தமே சேர்ந்துவிடும். பிறகு தலைமுறை தலைமுறையாகத் தேர்வு.

ராஜேந்திரநகரில் அப்படி வந்ததுதான் ஆர்.என்.ஆர் 15048. 2015இல் தெலங்கானா சோனா என்ற பெயரில் வெளியான சன்ன ரகம். சுமார் 125 நாளில் அறுவடை, குலைநோயையும் தாங்கும். தாய் எம்.டி.யு 1010 ஆந்திரத்தின் மாருட்டேருவிலிருந்து வந்தது, தந்தை ஜே.ஜி.எல் 3855 தெலங்கானாவின் ஜகித்யாலிலிருந்து. ஒன்றாயிருந்த மாநிலத்தில் ஒட்டுச்சேர்த்தது, பிரிந்த மாநிலத்தில் ரகமானது. நாம் ஆந்திரா பொன்னி என்று வாங்கிச் சமைக்கும் பி.பி.டி 5204 பாபட்லாவின் படைப்பு. அதன் முன்னோரில் ஒன்று நம் கோவையில் தேர்வான ஜி.இ.பி 24.

அந்த ராஜேந்திரநகர் பல்கலைக்கழக நிலத்தில்தான் 2024இல் புதிய உயர் நீதிமன்றக் கட்டடத்துக்காக 100 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மாணவர்கள் போராடினார்கள். நீதிமன்றம் வேண்டும்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் உரக் கணக்கும் விளைச்சல் கணக்கும் பதிவான சோதனை வயலை வேறிடத்துக்கு மாற்றி வைக்க முடியாது. நாளை உங்களில் சிலர் நிலம் ஒதுக்கும் கோப்பில் கருத்து எழுதும் இடத்தில் இருப்பீர்கள். அந்தக் கோப்பு வரும் நாளில், கையெழுத்துப் போடும் முன் வயலுக்கு நேரில் போய், அங்கே எந்தச் சோதனை எத்தனையாவது ஆண்டில் நடக்கிறது என்று கேட்டு, அதை அப்படியே கோப்பில் எழுதுங்கள்.