சிறு சரக்கு வண்டியின் டீசல் டாங்கி



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமும் அன்று, இசையும் அன்று. சிறு சரக்கு வண்டியின் அடிப்புறத்தில் சேறு பூசிக் கிடக்கும் டீசல் டாங்கியைப் பற்றியே சில சொற்கள் சொல்ல வந்தேன். மாட்டுங்காவில் விடியுமுன் வாழையிலையும் பூவும் இறக்குபவரும், தில்லியில் வீடு வீடாக இட்டிலி மாவு கொண்டு செல்பவரும், 'பிக்அப்' என்று எல்லா மொழியினரும் ஒரே பெயரால் அழைக்கும் அவ்வண்டியை நம்பியே பிழைக்கின்றனர். நம் ஊராயின், தெரிந்த மெக்கானிக் ஒருவரை, "அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று அழைத்துவிடலாம். பாஷை முற்றும் பழகாத இடத்தில், சொல்லத் தெரியாத பழுதுக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருவோர் பலர். ஆதலால், வீட்டு வாசலிலேயே நாம் செய்துகொள்ளத் தக்கவை எவை, ஒருபோதும் செய்யத் தகாதவை எவை என்பதைத் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

டாங்கி என்பது வெறும் தகரப் பெட்டி அன்று. அதனுள் எண்ணெயை உறிஞ்சும் குழாய் ஒன்று அடித்தளத்திற்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. அதன் நுனியில் ஒரு வலைச் சல்லடை இருக்கும். எஞ்சினுக்குச் சென்று செலவாகாமல் மீளும் டீசல் வந்து விழுவதற்கு வேறொரு குழாய் உண்டு. அளவு காட்டும் மிதவை ஒன்று. எண்ணெய் குறையக் குறைய அவ்விடத்திற்குக் காற்று வந்து சேரும் வழி ஒன்று. வளைவில் எண்ணெய் ஒரே பக்கம் பாயாமல் தடுக்கும் குறுக்குத் தகடுகள் சில. பழுது எதுவாயினும் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றில்தான் இருக்கும்.

எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கூறுகிறேன். எங்கள் வண்டி நன்றாக ஓடும்; ஆனால் அளவுமானியின் முள் கால் பங்கைத் தொட்டதும் இருமத் தொடங்கி நின்றுவிடும். பத்து லிட்டர் டீசல் ஊற்றினால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடும். பட்டறையில் மூன்று முறை பில்டர் மாற்றினார்கள். பிறகு பம்ப்பையே கழற்ற வேண்டும் என்றார்கள். அவ்வூர் மிஸ்திரி, "ஹவா லே ரஹா ஹை" என்றார். நம் ஊரில் "ஏர் எடுக்குது" என்று சொல்வதும் அதுவே. நோயின் பெயரைச் சரியாகத்தான் சொன்னார், இடத்தைத்தான் தேடவில்லை. உறிஞ்சு குழாயின் நடுப்பகுதியில் நூலிழை போன்றதொரு வெடிப்பு இருந்தது. எண்ணெய் அதற்கு மேல் நின்றவரை குழாய் எண்ணெயையே உறிஞ்சியது. மட்டம் கீழிறங்கியதும் வெடிப்பின் வழியே காற்று புகுந்தது. குழாய்க்கு ஆன செலவு, வீணாய் மாற்றிய பில்டர்களின் விலையிலும் குறைவு.

இதைக் கண்டறிய மிக எளிய சோதனை ஒன்று உண்டு. டாங்கியிலிருந்து வரும் உறிஞ்சு குழாயையும், டாங்கிக்குத் திரும்பும் குழாயையும் கழற்றி, தூய டீசல் உள்ள ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் இரண்டையும் விட்டு, கேனை அசையாதபடி கட்டிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுது மறைந்தால் குற்றம் டாங்கியினுடையது. மறையாவிட்டால் டாங்கியை இறக்கும் வேலையே வேண்டா. பில்டர், பம்ப்பு என்று முன்பக்கமாகத் தேடலாம். பம்ப்பை டாங்கிக்குள்ளேயே வைத்துக் கட்டிய புதிய வண்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது. பழைய வண்டியிலோ, பில்டருக்கு முன்னால் ஒரு சாண் அளவு தெளிந்த பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக இணைத்தால், குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். டீசல் பட்டால் அது விரைவில் விறைத்துவிடும்.

வேறொரு பழுதும் இதைப் போலவே ஏமாற்றும். அரை மணி நேரம் ஓடியபின் வண்டி நிற்கும். சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பும். அப்பொழுது டாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டால், காற்று வழி அடைத்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை. சேறும் குளவிக் கூடும் அதை அடைப்பது வழக்கம். இது சிறு குற்றமாகத் தோன்றலாம். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. டாங்கியின் மேற்பரப்பு 80 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் எனக் கொள்வோம். உள்ளே பத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்தாலும், மேல் தகட்டின்மீது முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஏறுகிறது. டாங்கி உட்குழிந்து போவதன் காரணம் இதுவே.

மழை மிகுந்த கொங்கணக் கரையிலும் அசாமிலும் உள்ளவர்கள் தண்ணீரைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாய்ப் படிந்து கீழே இறங்கும். டீசலினும் நீர் கனமானது. ஆகவே அது அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து, கரிய கோழையாகச் சல்லடையை அடைக்கிறது. இரவில் வண்டியை நிறுத்துமுன் டாங்கியை நிரப்பி வைத்தலும், நீர் பிரிக்கும் பில்டரின் அடித் திருகை அவ்வப்போது திறந்துவிடுதலும் போதிய காப்பாகும். அடியில் வடிகால் திருகு உள்ள டாங்கியாயின், ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்துச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் நீர் அடியில் தனியே தெரியும். புதிய வண்டிகள் சிலவற்றில் யூரியாக் கரைசலுக்கு நீல மூடியுடன் தனி டாங்கி உண்டு. அக்கரைசலைத் தவறிப்போய் டீசல் டாங்கியில் ஊற்றிவிட்டால், சாவியைத் தொடவே கூடாது. எஞ்சினைக் கிளப்பாமல் முழுவதையும் இறக்க வேண்டும்.

வடக்கே குளிர்காலத்தில் வேறு தொல்லை. டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு பில்டரை அடைக்கும். இந்தியத் தரவிதி 1460-இன்படி டீசல் ஓட்டம் இழக்கும் வெப்பநிலை கோடையில் 15 பாகை செல்சியசுக்கும், குளிர்காலத்தில் 3 பாகைக்கும் மேற்படலாகாது. சமவெளியில் நிரப்பிய டீசலுடன் இமயமலைச் சாரலில் ஏறியவர், காலையில் வண்டி கிளம்பாமல் திகைப்பது இதனாலேயே. லடாக்குக்கென்றே −33 பாகை வரை ஓட்டம் இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. மலையில் தங்க நேர்ந்தால் அங்கே கிடைக்கும் டீசலை நிரப்பிக்கொள்வதே முறை. டாங்கிக்கு அடியில் விறகு மூட்டிக் காய்ச்சுவோரைக் கண்டு நாமும் அவ்வாறு செய்தல் ஆகாது. பில்டரின் மீதும் குழாயின் மீதும் துணி சுற்றி வெந்நீர் ஊற்றினால் மெழுகு உருகிவிடும்.

நிற்க. டாங்கியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இரண்டாவது டாங்கி ஒன்று பொருத்த வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி மாறுவதால், விலை குறைந்த எல்லையில் நிரப்பிக்கொண்டால் ஆதாயம் என்பது கணக்கு. கணக்கு தவறன்று; ஆயினும் முதலில் சட்டம் நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்ற பின்னரே தகட்டில் கை வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்தாக வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் அளவு தெரிய வேண்டும். 80 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 25 உயரம் உள்ள பெட்டி 80 லிட்டர் கொள்ளும். அதை விளிம்புவரை நிரப்பலாகாது. டீசல் வெப்பத்தால் விரியும்; 20 பாகை கூடினால் 80 லிட்டர் ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் பெருகி வெளியே வழியும். அத்தனை டீசலும் அறுபத்தாறு கிலோ எடை. அது ஒரே பக்கத்தில் தொங்கினால் வண்டி சாய்ந்தே ஓடும். நாகமுலாம் பூசிய தகடு மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்குவோர் உளர்; வேண்டா. துத்தநாகமும் செம்பும் டீசலைக் கெடுத்துப் பிசினாக்கும். முலாமற்ற உருக்குத் தகடோ அலுமினியமோதான் ஏற்றது.

இனி, இப்பேச்சுக்கே காரணமான செய்திக்கு வருகிறேன். டாங்கியில் சிறு ஓட்டை விழுந்தால், டீசலை வடித்துவிட்டுத் தெருமுனையில் உள்ள வெல்டிங் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். "டீசல்தானே, பெட்ரோலா என்ன?" என்பது பொதுவான நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதே ஆபத்து. பெட்ரோலின் ஆவி பூச்சியத்திற்கு 40 பாகை கீழேயும் தீப்பற்ற வல்லது. டீசலுக்கோ அந்நிலை 35 பாகைக்குக் குறையலாகாது என்பது தரவிதி. தரையில் சிந்திய டீசலில் தீக்குச்சி எறிந்தால் அது அணைந்து போவதைப் பலரும் கண்டிருப்பர். ஆனால் 35 பாகை என்பது நாகபுரியின் மே மாதத்து நிழலுக்குள் அடங்கிவிடும் அளவு! அன்றியும், வெல்டிங் நெருப்பு உருக்கையே உருக்குவது. ஏறக்குறைய 1500 பாகை. டாங்கியை எத்துணை வடித்தாலும் மடிப்புகளிலும் குறுக்குத் தகடுகளின் பின்னும் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். நெருப்பு பட்டதும் அப்படலம் ஆவியாகி, உள்ளிருக்கும் காற்றோடு கலக்கிறது. நிறைந்த டாங்கியில் ஆவி கலக்கக் காற்றுக்கு இடமில்லை. வெறும் டாங்கியிலோ அது முழுவதும் உண்டு. ஆகவே வெறும் டாங்கியே வெடிக்கிறது. தகடு கிழிந்து, பற்றவைக்கக் குனிந்திருப்பவரின் முகத்தின் மீதே பாய்கிறது. கழுவிவிட்டோம், வெயிலில் காயவைத்தோம், மூடியைத் திறந்து வைத்தோம் என்பவை யாவும் போதா. நீராவியால் நெடுநேரம் வேகவைத்துக் கழுவி, கருவி கொண்டு ஆவி இல்லை என அளந்து பார்த்த பின்னரே நெருப்பு வைக்கும் பட்டறைகள் உள்ளன. அத்தகைய வசதி இல்லாத கடையில், வெல்டிங் செய்பவர் தாமே, "பரவாயில்லை சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் டாங்கியைக் கொடுக்காதீர்கள். உயிர் போவது அவருடையது. பெரும்பாலும் அவரும் ஊரை விட்டு வந்து பிழைக்கும் ஓர் இளைஞரே.

ஊசித் துளைக்கு, தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, டீசலைத் தாங்கும் இரட்டைக் குழம்பு எபாக்ஸிப் பசையைப் பூசினால் சில காலம் நிற்கும். துரு பரவியிருந்தால் டாங்கியையே மாற்றுவதுதான் சிக்கனம். பிளாஸ்டிக் டாங்கி வெடித்தால் அதற்கும் அதுவே வழி.

டாங்கியை இறக்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சக்கரங்களுக்கு அடைகட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கலாகாது. அறுபது லிட்டர் டீசலே ஐம்பது கிலோ என்பதால், முதலில் கைப்பம்ப்பால் வடித்துவிட வேண்டும். வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கம் மிகக் கெட்டது. ஒரு வாய் டீசல் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் வீங்கும். அப்படி நேர்ந்தவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மீண்டும் பூட்டியபின், மடிப்புகளின்மேல் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவி, டாங்கியில் பாதியளவு ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். கசிவு இருந்தால் வெள்ளைப் பொடி அவ்விடத்தில் நனைந்து கறுக்கும். பிறகு கைப்பம்ப்பை அழுத்தி, பில்டரின் மேல் திருகைச் சற்றே தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய வண்டியாயின் இன்ஜெக்டர் குழாய்களையும் தளர்த்திக் காற்று எடுப்பது வழக்கம். காமன்ரெயில் எஞ்சினில் அது கூடவே கூடாது. அங்கே அழுத்தம் 1600 பார் அளவுக்கும் மேற்செல்லும். கார் டயரின் காற்றைவிட எழுநூறு மடங்குக்கு மேல். அவ்வழுத்தத்தில் பீறிடும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாய்த் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அத்தகைய வண்டியில் கைப்பம்ப்பும் பில்டர் திருகும் வரைதான் நம் வேலை; அதன்பின் சாவியைத் திருப்பிச் சில விநாடி பொறுத்து ஸ்டார்ட் செய்யலாம்.