மாலைக்கண்ணும் புழுங்கலரிசியும்



கடலூருக்கு மேற்கே, கெடில நதிக்கரையில் அமைந்தது எங்கள் திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலை அடுத்து ஒரு சிறு குன்று; அதன்மேல் கல்விக் கடவுளாகிய ஹயக்ரீவர் சந்நிதி. தேர்வுக் காலத்தில் எழுதுகோலும் கையுமாக உங்களைப் போன்றோர் படியேறுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். அக்குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர். மருந்து மலை என்பது பொருள். சஞ்சீவி மலையினின்று விழுந்த துணுக்கு அது என்பது தல வரலாறு. அதன் அடிவாரத்திலேயே வாழ்ந்தும், மருந்து எங்கே இருக்கிறது என்பதை நான் ஒரு மாணவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

1986 ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தேர்வு நெருங்கவே, மாலையில் தனி வகுப்பு நடத்தினேன். ஒரு பையன் மட்டும் பொழுது சாயுமுன்னரே புத்தகத்தைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். காரணம் கேட்டால் தலைகுனிந்து நிற்பான். சோம்பேறி என்று எல்லார் முன்னிலையிலும் ஏசினேன். ஒருநாள் வலுக்கட்டாயமாக ஏழு மணி வரை இருத்தியும் வைத்தேன். அன்றிரவு அவன் வீடு திரும்பும் வழியில் வாய்க்காலில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். மற்றப் பிள்ளைகளுக்கு நிலவொளியில் தெரிந்த வரப்பு அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றேன். அங்கு வந்திருந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் அவன் இமையை விலக்கிக் காட்டினார். விழி வெண்மை பளபளப்பை இழந்து, சோப்பு நுரை காய்ந்தாற்போன்ற திட்டுகள் படிந்திருந்தன. "மாலைக்கண், சார். பாவம், வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான்" என்றார். நான் ஏசியது ஒரு பையனை. ஏசியிருக்க வேண்டியது அவன் உண்ட உணவை.

நம் விழித்திரையில் மங்கிய ஒளியைக் காண்பதற்கென்றே தனி உயிரணுக்கள் உள்ளன. அவற்றில் ரோடாப்சின் என்னும் செந்நிறப் பொருள் நிறைந்திருக்கிறது. ஆப்சின் என்ற புரதமும் வைட்டமின் 'ஏ'யின் ஒரு வடிவமும் சேர்ந்து அமைவது அது. ஒளி பட்டவுடன் இரண்டும் பிரியும். மீண்டும் கூடினால்தான் அடுத்த பார்வை. ஒவ்வொரு முறையும் வைட்டமினில் சிறிது செலவாகிவிடும். அதைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து ஈடுசெய்யும். அச்சேமிப்பு பல மாதங்களுக்குத் தாங்கக்கூடியதாகையால், குறை தொடங்கியது ஒருவருக்கும் தெரிவதில்லை. கையிருப்பு தீர்ந்த பின்னரே அந்தியில் கண் இருளும். அப்போதும் கவனியாவிட்டால் கருவிழி வறண்டு, மென்மையாகிக் கரைந்து, பார்வை மீளாமலே போய்விடும்.

சோறும் எண்ணெயும் நமக்கு விறகு. வைட்டமின்கள் விறகல்ல, அடுப்படியில் வேலை செய்யும் கைகள் எனலாம். மிகச் சிறிதளவே போதும். ஆயினும் அந்தச் சிறிதளவை நம் உடல் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

அப்பையன் வீட்டில் மூன்று வேளையும் கஞ்சியும் ஊறுகாயுந்தான். கொல்லையிலோ ஒரு முருங்கை மரம் தழைத்து நின்றது! அதன் கீரை ஆட்டுக்குப் போயிற்று. முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் என்னும் பொருளை நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக்கொள்ளும். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் அது நன்கு உட்கிரகிக்கப்படும். செவிலியர் தந்த மருந்தினால் சில நாட்களிலேயே பையன் அந்தியில் நடமாடலானான். கை கூடுவதற்குத்தான் நாளாயிற்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை இந்த வைட்டமினைப் புகட்டும் திட்டத்தை அரசு 1970 இல் தொடங்கியது. என் மாணவனோ அவ்வயதைத் தாண்டியவன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: நல்லதுதானே என்று வைட்டமின் 'ஏ' மாத்திரைகளை மிட்டாய்போல் விழுங்கலாகாது. மிகுந்தால் அது கல்லீரலிலேயே தங்கித் தீங்கு செய்யும்.

அந்தக் கஞ்சியின் நினைவு என்னை விடவில்லை. அரிசியைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில், 1890களில், எய்க்மன் என்ற மருத்துவர் தம் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவை தின்றது மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தாரின் அரிசி கோழிக்கு எதற்கு என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசியைத் தின்ற கோழிகள் எழுந்து நடந்தன! ஒரு சமையற்காரரின் சிக்கனம் விஞ்ஞானத்துக்கு வழிகாட்டியது. தவிட்டில் இருந்த அப்பொருளே தயாமின் என்னும் வைட்டமின் 'பி1'. அது குறைந்தால் சர்க்கரைச் சத்து முழுமையாக எரியாமல் இடையில் தேங்கும். நரம்பும் இதயமும் சோரும். இதுவே பெரிபெரி. ஒரு மனிதருக்கு ஓராண்டுக்குத் தேவையான தயாமின் ஏறத்தாழ அரை கிராம்தான்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் 1918 இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அதைத் தொடங்கினார். அவ்வாய்வுக்கூடமே வளர்ந்து, 1958 இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார்ப் பகுதியில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே காணப்பட்டது. இரு பகுதியினரும் உண்டது அரிசியே. வேறுபாடு நெல்லை அவித்ததில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்பு ஆலை தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. எங்கள் பாட்டிமார் இதை அறிந்தா நெல் அவித்தனர்? குத்தும்போது அரிசி நொறுங்காது என்பதற்காகவும் அவித்திருக்கலாம். பலன் மட்டும் தவறாமல் கிடைத்தது. அரிசியைப் பல முறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் அப்பலனிலும் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான்.

அடுத்த ஆண்டு தனி வகுப்பைக் காலை வேளைக்கு மாற்றினேன். முதல் நாளே, "பொழுது சாய்ந்தால் வழி தெரியாமல் தடுமாறுவோர் யார்? யாரும் சிரிக்கக்கூடாது" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு, கடைசி வரிசையில் இரண்டு கைகள் மெல்ல உயர்ந்தன.