கண்ணும் செவியும் கையும்: புதுக் கலைகளை மதிப்பிடும் நெறி

(நசரத்பேட்டையில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திரைப்படம், கணினி விளையாட்டு, ராக் இசை ஆகிய மூன்றைப் பற்றியும் இன்று எல்லோரிடமும் கருத்து உண்டு. தேநீர்க் கடையிலும் கல்லூரி வளாகத்திலும் அக்கருத்து ‘செம’, ‘மொக்கை’ என்னும் இரு சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது. இலக்கிய அரங்குகளோ இவற்றைப் பேசத்தக்க பொருளாகவே கொள்வதில்லை. ஒருபுறம் காரணம் கூறாத கருத்து. மறுபுறம் கருத்தே கூறாத மௌனம். இளைஞர்கள் நாள்தோறும் துய்க்கும் கலைகளைப் பேசத் தமிழில் சொல் இல்லாமற் போகுமாயின், அவர்கள் அவற்றைப் பேச வேறு மொழியையே நாடுவர். இழப்பு கலைக்கன்று, தமிழுக்கே.

இதற்கான நெறி தமிழிலேயே உள்ளது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கணம் வகுக்கிறது. யாழோனின் தகுதியை இளங்கோவடிகள் தண்ணுமையின் அளவுகோலால் அளக்கவில்லை. ஒரு கலையை அதன் கருவி கொண்டே மதிப்பிடுக என்பது இதனால் பெறப்படும் பாடம். திரைப்படத்தின் கருவி கண். இசையின் கருவி செவி. விளையாட்டின் கருவி கை. இவ்வளவுகோலால் நான்கு படைப்புகளை நோக்கலாம்.

முதலாவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில், சுதா என்னும் பெண் சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்கிறாள், கதை இவ்வளவே. வயல்கள் மனைப்பிரிவுகளாகிவிட்ட பூந்தமல்லிச் சுற்றுவட்டார மக்களுக்கு இக்கதையை விளக்க வேண்டுவதில்லை. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா பாத்திரம் முற்றுப்பெறாத வீட்டைக் காணத் தனியே வரும் காட்சியே படத்தின் உயிர். அக்காட்சி வசனத்தை நம்பவில்லை. முதியவரின் கை பூசாத சுவரைத் தடவுகிறது; பார்ப்பவர் கண்ணில் ஒரு வாழ்நாள் ஏக்கம் நிறைகிறது. அந்நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்னும் இறுதிச் செய்தி திடீரென வருகிறது எனக் குறை கூறுவாருமுண்டு. எளிய மனிதர் வாழ்வில் அத்தகைய செய்திகள் திடீரெனத்தான் வருகின்றன. ஆதலின் அது குறையன்று, படத்தின் வாய்மை.

‘வீடு’ படத்தில் ஒலிக்கும் இசை அப்படத்திற்காக அமைக்கப்பட்டதன்று. இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் தொகுப்பிலிருந்து எடுத்தாளப்பட்டது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் இராகத்தின் வழியே செல்கையில், பிற நரம்பிசைக் கருவிகள் பாக்கின் முறையில் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. சில இடங்களில் இரு மரபுகளும் ஒரே தெருவின் இரு ஓரங்களில் நடப்பனபோல் ஒன்றையொன்று தொடாமலே செல்கின்றன என்பது உண்மையே. தொடும் இடங்களிலோ எது தஞ்சை, எது ஜெர்மனி எனப் பிரித்தறிய இயலாது. பெயரிட இயலாமையையே வினாவாக்கிப் பெயரிட்டது பொருத்தமே.

மூன்றாவது, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் டென்மாவின் தலைமையில் உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையினின்று பிறந்தது. கானா, பறை, மின்கிதார், ராப் ஆகியன ஒரே மேடையில் ஒலிப்பதைச் சிலர் ஒட்டுவேலை என்கின்றனர். ராக் இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களில் உள்ளது. கானாவின் வேர் வடசென்னை உழைக்கும் மக்களின் சாவு வீட்டுப் பாடல்களில் உள்ளது. இரண்டும் துயரை ஓசையாக்கிய மக்களின் கலைகள். அவை சேர்வது உறவினர் சேர்வதே. இக்குழுவின் பாடல்களில் முழக்கம் மிகும் இடத்தில் கவிதை மெலிகிறது என்பதையும் மறைத்தல் வேண்டா. சென்னைப் பேச்சுமொழி தன் எள்ளலோடு எழும் இடங்களிலோ, எழுதிப் பழகிய கவிஞரும் கற்கத்தக்க சொல்வன்மை உண்டு.

நான்காவது, இவ்வவைக்குப் பெரிதும் புதியது. நசரத்பேட்டைக்கு அண்மையில் உள்ளது திருமழிசை. அவ்வூரில் தோன்றிய ஆழ்வார் நான்முகன் திருவந்தாதியை 96 வெண்பாக்களால் யாத்தார். அந்த யாப்பின் பெயரையே தாங்கி ஒரு கணினி விளையாட்டு 2023இல் வெளிவந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ உருவாக்கிய ‘வெண்பா’, 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதற்படைப்புக்கு வழங்கும் விருதைப் பெற்றது.

1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்தம் மகன் கவின் ஆகியோரின் கதை அது. இதில் துப்பாக்கி இல்லை, பகைவரும் இல்லை. அன்னையின் சமையல் ஏடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினால்தான் ஆவி எங்கும் சீராகப் பரவும். ஒரு தளை பிழைத்தால் வெண்பாவின் செப்பலோசை கெடும். அடுக்கு பிழைத்தால் இட்லி வேகாது. இதனைச் சொல்லாமல், ஆடுபவரின் கையாலேயே உணர்த்துவதுதான் இக்கலையின் தனி ஆற்றல். பின்னர் அடுப்படியில் மகன் நிற்கிறான். தாயின் தமிழ்க் குறிப்பை அவன் தட்டுத்தடுமாறிப் படிக்கையில், மொழியை இழத்தல் யாது என்பது ஆடுபவருக்கு விரல்நுனியில் விளங்கிவிடுகிறது. சமையலில் பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம். தாயும் மகனும் தமிழின்றிக் கழித்த ஆண்டுகளை மீண்டும் தொடங்க இயலாது. பாவலன் வேலை தேடிப்பட்ட துன்பத்தைக் கையின்பாற்படுத்தாமல் உரையாடலில் முடித்துவிட்டது இதன் குறை. ஆண்டுகளை விரைந்து தாவுவது மற்றொரு குறை. எனினும், புலம்பெயர் வாழ்வு குறித்த நல்ல சிறுகதை ஒன்றுக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இந்நான்கையும் ஒப்ப நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சுவரைத் தடவும் கை, பெயரிட இயலாத இசை, சாவு வீட்டிலிருந்து மேடைக்கு வந்த குரல், அழிந்த ஏட்டை மீட்கும் விரல் ஆகிய யாவும் இழப்பினின்றே பிறந்தவை. இழப்பைப் பாடுதல் கவிஞர்க்குப் புதிதன்று. எனவே இவற்றை மதிப்பிடும் உரிமையும் கடமையும் கவிஞர்க்கு உண்டு.

அம்மதிப்பீட்டிற்கு வேண்டுவன மூன்று. பிடித்தது எது என்பதோடு, படைப்பின் எவ்விடம் அதனைச் செய்தது எனச் சுட்டுதல், குறையை மறையாமை, தமிழில் எழுதுதல். திங்கள்தோறும் ஒரு கவிதைநூலை ஆராய்வதைப்போல, ஆண்டிற்கு நான்கு முறையேனும் ஒரு படத்தையோ இசைத்தொகுப்பையோ விளையாட்டையோ வட்டம் ஆராயலாம். இளைஞரைக் கேட்போராக மட்டும் அமர்த்தாமல், உரையாற்றவும் அழைக்கலாம். வெண்பாவின் இலக்கணத்தை அவர்கள் இவ்வவையில் கற்பர். ‘வெண்பா’வை ஆடும் முறையை இவ்வவை அவர்களிடம் கற்கும்.